பாரிஸில் இறங்கி பார்சிலோனாவில் ஏறு: 15 நாள் ஐரோப்பா, நாள்வாரிக் குறிப்புகள்

கிளம்பும் முன்

ஐரோப்பாவுக்குள் 20 யூரோவுக்கு விமான டிக்கெட் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த விமானம் இறங்கும் இடத்திலிருந்து ஊருக்குள் வர இன்னொரு 20, பைக்கு 30, நேரம் தப்பினால் டாக்ஸி. அதனால் இந்தத் தொடரில் ஒரே அளவுகோல்: தங்கும் அறையின் வாசலிலிருந்து அடுத்த ஊர் அறையின் வாசல் வரை எத்தனை யூரோ, எத்தனை மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் விலையை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

பாதை இது: பாரிஸ் 3 இரவு, மியூனிக் 2, வியன்னா 2, இரவு ரயிலில் 1, வெனிஸ் 1, ஃப்ளோரன்ஸ் 1, ரோம் 2, பார்சிலோனா 2. போன வழியே திரும்பி வரவில்லை. பாரிஸில் இறங்கி பார்சிலோனாவிலிருந்து வீடு திரும்புகிறோம். விமானத் தளங்களில் 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் இரண்டையும் ஒரே டிக்கெட்டாகத் தேடுங்கள். தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் விலை ஏறும். பாரிஸுக்கே திரும்பி வரும் டிக்கெட் 50 யூரோ குறைவாகத் தெரியலாம். பாரிஸுக்குத் திரும்பும் செலவையும் அதில் வீணாகும் ஒரு நாளையும் சேர்த்தால் அது குறைவே இல்லை.

பாதையின் ஐந்து நாடுகளிலும் யூரோதான் பணம். இடையில் ப்ராக், புடாபெஸ்ட், ஜூரிக் என்று சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு நாணயம். போகக் கூடாது என்பதில்லை, மாற்றும் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மிலோ கடையிலோ 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா?' என்று திரை கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். மற்ற பொத்தானை அழுத்தினால் மாற்று விகிதத்தில் அடி விழும்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. முதலில் இறங்குவது பாரிஸ் என்பதால் பிரான்ஸுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மேலே உள்ள இரவுகளைக் கூட்டிப் பாருங்கள்: பிரான்ஸ் 3, இத்தாலி 4. ஆக இந்தப் பயணத்துக்கு இத்தாலி. தங்கும் நாள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக இருக்க வேண்டும். இடையில் லண்டனையோ டப்ளினையோ செருகினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும். மறுபடி நுழைய பலமுறை நுழைவு விசா வேண்டும், அந்த ஊர்களுக்குத் தனி விசாவும் வேண்டும்.

வாங்கும் வரிசையும் முக்கியம். விசா கைக்கு வரும்வரை அறைகள் எல்லாம் ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். விசா வந்த அன்றே முதலில் இரவு ரயில், அடுத்து பாரிஸ்–மியூனிக் ரயில், பிறகு ரோம்–பார்சிலோனா விமானம், கடைசியாக இத்தாலி ரயில்கள். படுக்கை எண்ணிக்கை குறைவாக உள்ளது முதலில், ரயில்கள் அடிக்கடி ஓடும் தடம் கடைசியில். ஐரோப்பிய ரயில் கால அட்டவணை டிசம்பர் நடுவில் மாறும். அந்தத் தேதிக்குப் பிந்தைய பயணத்துக்கு டிக்கெட் விற்பனை தாமதமாகத் திறக்கும். 'ரயிலே இல்லை' என்று தேடல் காட்டினால் பதற வேண்டாம், விற்பனை இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் வாங்கலாமா? இந்தப் பாதைக்கு வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. பாஸ் இருந்தாலும் பாரிஸ்–ஜெர்மனி அதிவேக ரயில், இரவு ரயில், இத்தாலிய அதிவேக ரயில் ஆகியவற்றுக்குத் தனியாக இருக்கைக் கட்டணம் கட்ட வேண்டும். தேதி முடிவான பயணத்தில் முன்கூட்டியே எடுக்கும் சலுகை டிக்கெட்தான் மலிவு. அன்றன்று காலையில் எழுந்து ஊரை முடிவு செய்பவர்களுக்கும், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்திலேயே சுற்றுபவர்களுக்கும் பாஸ் நல்ல பொருள். அங்கே பெரும்பாலான பகல் ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை. 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குப் பெரியவரோடு பாஸ் இலவசம் என்பதால், குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டு வழியும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நாள் 1, திங்கள்: பாரிஸ்

திங்கட்கிழமை இறங்குவதில் ஒரு லாபம் இருக்கிறது. சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ஆர்.இ.ஆர். பி ரயிலுக்கு 2025 தொடக்கத்தில் 13 யூரோ, நகருக்குள் மெட்ரோ ஒரு பயணம் 2.50 என்று விலை வைத்தார்கள். பாரிஸ் போக்குவரத்து அட்டையான நாவிகோவில் வார டிக்கெட் அதே ஆண்டில் 31.60, அட்டைக்கு 5 யூரோ தனி. விமான நிலையமும் அதில் அடக்கம். நாளுக்கு 4 மெட்ரோ என்று 3 நாளுக்கு 30 யூரோ, விமான நிலையம் 13, ஆக 43. வார டிக்கெட் அட்டையோடு 36.60. விலைகள் ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும், கணக்கு இதே மாதிரிதான் வரும்.

ஆனால் இந்த வார டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து 7 நாள் ஓடாது. திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளிக்கிழமை இறங்குபவருக்கு அது பயனில்லை. அட்டையில் ஒட்ட சுமார் 2.5 க்கு 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு புகைப்படம் வேண்டும். வீட்டிலேயே வெட்டி எடுத்துப் போங்கள். புகைப்படமும் பெயரும் இல்லாத அட்டையோடு பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்.

எல்லையில் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அமலுக்கு வந்த புதிய முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். முதல் தடவை பதிவுக்கு நேரம் பிடிக்கும். இறங்கிய 2 மணி நேரத்தில் வேறு ரயிலைப் பிடிப்பது போன்ற திட்டம் இன்று வேண்டாம்.

நாள் 2, 3: பாரிஸ்

அருங்காட்சியகங்களில் லூவ்ர் செவ்வாய் விடுமுறை, ஓர்சே திங்கள் விடுமுறை. ஆகவே செவ்வாய் ஓர்சே, புதன் லூவ்ர். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவ்ர் கட்டணம் 32 யூரோ. ஓவியங்களில் அவ்வளவாக நாட்டமில்லாதவர்கள் வெளியே கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

புதன் மாலை ஒரு வேலை: நாளைய ரயில் எந்த நிலையத்திலிருந்து என்று பார்த்துவையுங்கள். பாரிஸில் ஒரே ஒரு 'சென்ட்ரல்' இல்லை. ஜெர்மனி, ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் கார் த லெஸ்ட். பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், லண்டன் பக்கம் கார் து நோர். லியோன், ஜெனீவா பக்கம் கார் த லியோன். போர்தோ பக்கம் மோன்பர்னாஸ்.

நாள் 4, வியாழன்: பாரிஸிலிருந்து மியூனிக்

இந்தப் பயணத்தில் அதிகம் சிக்கல் வரக்கூடிய பகல் இது. நேரடி ரயில் மிகக் குறைவு. மற்றவை ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, மான்ஹைம் போன்ற ஏதாவது ஒரு இடத்தில் மாற வேண்டியவை. மொத்தம் 6 மணி நேரத்துக்கு ஒட்டி வரும். விமானத்தில் பறப்பது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் பாரிஸ் அறையிலிருந்து விமான நிலையம் 1 மணி, முன்கூட்டிய காத்திருப்பு 2 மணி, மியூனிக் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் 40 நிமிடத்துக்கு மேல். கூட்டினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல், பைக்குத் தனிக் காசு. ரயிலில் பைக்குக் காசில்லை, இறங்கினால் ஊரின் நடுவில். 6 மணி நேரம் வரையிலான தூரத்துக்கு ரயிலே எங்கள் தேர்வு.

டிக்கெட்டை எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். பாரிஸ்–ஸ்டுட்கார்ட் ஒன்று, ஸ்டுட்கார்ட்–மியூனிக் ஒன்று என்று இரண்டாக வாங்கினால் சில சமயம் 5, 6 யூரோ குறையும். முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் செல்லாமல் போகும் அபாயம் முழுக்க உங்கள் தலையில். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பான் தளத்தில் பாரிஸ்–மியூனிக் என்று ஒரே டிக்கெட்டாக எடுங்கள். 'ஸ்பார்பிரைஸ்' என்ற சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலில் மட்டும் செல்லும். ஆனால் தாமதத்தால் சேருமிடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்றாலோ இணைப்பு தவறினாலோ அந்தக் கட்டுப்பாடு விலகும், அடுத்து வரும் ரயிலில் ஏறலாம்.

தாமதம் வருமா? 2024இல் டாய்ச்ச பானின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் 6 நிமிடத்துக்குள் பிந்தியதை நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு வைக்கிறார்கள். அதனால் 8 நிமிட இணைப்பைத் தேடல் காட்டினால் எடுக்காதீர்கள். தேடும் பக்கத்திலேயே குறைந்தபட்ச மாறும் நேரத்தை நாமே வைக்க வசதி உண்டு, 30 நிமிடம் என்று போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தி இறங்கினால் ஐரோப்பிய விதிப்படி டிக்கெட் விலையில் 25 சதவீதம், 2 மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கடும் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஒரே டிக்கெட்டாக இருந்தால் முழுத் தூரத்தின் விலைக்கும் அந்தச் சதவீதம் பொருந்தும்.

பாரிஸில் பிளாட்பாரம் எண் சுமார் 20 நிமிடம் முன்புதான் பலகையில் வரும். அதிவேக ரயிலின் கதவு புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே மூடப்படும். இரண்டு ரயில்களை ஒன்றாகக் கோர்த்து ஓட்டுவார்கள். உள்ளே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியிராது, பெட்டி எண்ணைப் பார்த்தே ஏறுங்கள்.

நாள் 5, வெள்ளி: மியூனிக், ஃப்யூசன்

பவேரியா மாநிலம் முழுக்கச் செல்லும் பேயர்ன் டிக்கெட் ஒன்று இருக்கிறது. மண்டல ரயில்களில் நாள் முழுவதும் ஏறி இறங்கலாம். மியூனிக் மெட்ரோ, ட்ராம், பஸ்ஸும் அடக்கம். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. ஒருவர் முதல் ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் சிறு தொகைதான். நான்கு பேராகப் போனால் இதைவிட மலிவு எதுவும் இல்லை. டிக்கெட்டில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும்.

வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். இன்று வெள்ளி. 8:50 ரயிலில் ஏறி 'பத்து நிமிடம்தானே' என்றால் அது டிக்கெட் இல்லாத பயணம். 9 மணிக்குப் பிறகு கிளம்பி சுமார் 2 மணி நேரத்தில் ஃப்யூசன், அங்கிருந்து பஸ்ஸில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அடிவாரம். உள்ளே போவதானால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுங்கள், மதியம் 1 மணிக்கு முன்பு வேண்டாம்.

நாள் 6, சனி: சால்ஸ்பர்க் வழியாக வியன்னா

சனிக்கிழமை 9 மணி விதி இல்லை, நள்ளிரவிலிருந்தே செல்லும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பிரதான நிலையம் வரை பேயர்ன் டிக்கெட் போகும் என்பது பலருக்குத் தெரியாது. மண்டல ரயிலில் 2 மணி நேரத்துக்குள். பைகளை நிலைய லாக்கரில் போட்டுவிட்டு பகல் முழுக்க ஊர் சுற்றலாம். மாலையில் வியன்னாவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம்.

அந்தத் தடத்தில் இரண்டு நிறுவனங்கள். ஆஸ்திரிய அரசு ரயில்வேயின் ரெயில்ஜெட் வியன்னாவின் பிரதான நிலையமான ஹவுப்ட்பான்ஹோஃபில் நிற்கும், தனியாரான வெஸ்ட்பான் ரயில்கள் வெஸ்ட்பான்ஹோஃபுக்குப் போகும். ஒன்றின் சலுகை டிக்கெட் மற்றதில் செல்லாது. அறை எந்த நிலையத்துக்குப் பக்கம் என்று பார்த்து வாங்கினால் பையோடு மெட்ரோவில் அலைய வேண்டியதில்லை.

நாள் 7, ஞாயிறு: வியன்னா

ஆஸ்திரியாவில் ஞாயிறு சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். ஜெர்மனியிலும் அப்படியே. சிக்கனப் பயணத்தில் ஒரு வேளையாவது கடையில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிச் சாப்பிட்டுச் சமாளிக்கிறோம், இன்று அது நடக்காது. ஹவுப்ட்பான்ஹோஃப் போன்ற பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். கூட்டம் நெரியும், காலையிலேயே போங்கள்.

நாள் 8, திங்கள்: இரவு ரயில்

இரவு 9 மணிக்கு மேல் வியன்னாவில் கிளம்பும் நைட்ஜெட் காலை எட்டரை வாக்கில் வெனிஸ் சேர்கிறது. மூன்று தரம்: உட்காரும் இருக்கை, 4 அல்லது 6 பேர் படுக்கும் பெட்டி, தனி அறைபோல் உள்ள ஸ்லீப்பர். இருக்கை மலிவு என்று எடுக்காதீர்கள். 11 மணி நேரம் விளக்கும் பேச்சும் கதவுச் சத்தமுமாகப் போய், மறுநாள் வெனிஸில் தூங்கி வழிவீர்கள். படுக்கைப் பெட்டியில் தலையணை, விரிப்பு, போர்வை, காலையில் ரொட்டியும் காபியும் உண்டு. குளிக்கும் வசதி அதில் கிடையாது.

மலிவா இல்லையா என்பதற்கு எளிய சோதனை: அதே தடத்தில் பகல் டிக்கெட் விலை, கூடவே வெனிஸில் ஒரு இரவு படுக்கையின் விலை. இரண்டையும் கூட்டியதைவிட ரயில் படுக்கை குறைவாக இருந்தால் எடுங்கள். கோடையில் கடைசி நேரத்தில் பார்த்தால் அது அதைத் தாண்டிப் போயிருக்கும், அப்போது பகல் ரயிலே மேல்.

இரவு ரயிலில் வெவ்வேறு ஊர்களுக்கான பெட்டிகள் ஒன்றாகக் கோர்க்கப்பட்டு நடுராத்திரியில் பிரியும். உங்கள் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். வேறு பெட்டியில் நண்பரோடு பேசிக்கொண்டே தூங்கிவிட்டால் விழிப்பது வேறு ஊரில்! பாஸ்போர்ட் பையின் அடியில் கிடக்க வேண்டாம். எல்லைச் சோதனைக்கு எழுப்பக்கூடும்.

நாள் 9, செவ்வாய்: வெனிஸ்

மெஸ்த்ரே வந்ததும் பாதிக்கூட்டம் இறங்கும். அது நிலப்பகுதி ஊர். தீவுக்குள் அறை எடுத்தவர்கள் அசையாமல் உட்காருங்கள். ரயில் கடலுக்கு நடுவே பாலத்தில் ஓடி சாந்தா லூச்சியாவில் நிற்கும். மெஸ்த்ரேயில் அறை மலிவு, ரயிலில் 10 நிமிடத் தொலைவுதான். ஒரு இரவுக்கு என்றால் எங்களுக்கு மெஸ்த்ரே சம்மதமே.

தண்ணீர் பஸ்ஸான வப்பொரெத்தோவுக்கு 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. நடந்தே முடிகிற ஊர் இது, பைகளை இறக்கிவிட்டு நடங்கள். பகல் வருகையாளர் கட்டணம் 2025இல் ஏப்ரல் 18 முதல் ஜூலை 27 வரை 54 நாட்களுக்கு, பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை, காலை எட்டரை முதல் மாலை 4 மணி வரை இருந்தது. முன்பே கட்டினால் 5 யூரோ, கடைசி மூன்று நாட்களில் 10. செவ்வாயில் வருவதால் இதிலும் தப்பிக்கிறோம். வார இறுதியில் வந்து வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விலக்குக்காகத் தளத்தில் பதிந்து க்யூஆர் குறியீடு எடுத்தாக வேண்டும்.

நாள் 10, 11: ஃப்ளோரன்ஸ், ரோம்

வெனிஸ்–ஃப்ளோரன்ஸ் இரண்டேகால் மணி நேரம், ஃப்ளோரன்ஸ்–ரோம் ஒன்றரை மணி நேரம். ட்ரெனிடாலியா, இட்டாலோ என்ற இரண்டு ரயில் நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டுவதால் விலை தணிந்தே இருக்கும், இரண்டு தளத்தையும் பாருங்கள். மிக மலிவான வகை டிக்கெட்டில் மாற்றமும் கிடையாது, ரீஃபண்டும் கிடையாது. ஃப்ளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா நிலையம்தான் ஊர் நடுவில், காம்போ தி மார்த்தே அல்ல. ரோமில் தெர்மினி, திபுர்த்தினா இரண்டும் வேறு வேறு.

பீசாவுக்கோ சியேனாவுக்கோ மண்டல ரயிலில் போய்வரலாம். அதற்கு விலை எப்போதும் ஒன்றுதான், முன்கூட்டி வாங்கத் தேவையில்லை. காகித டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை அடிக்க வேண்டும். மொபைல் டிக்கெட் என்றால் ஏறும் முன் அதில் 'செக் இன்' அழுத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கியும் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இத்தாலியில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். 'ஷோப்பெரோ' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். வார நாட்களில் காலை 6–9, மாலை 6–9 மணிக்குள் மண்டல ரயில்கள் உத்தரவாதமாக ஓடும். நெடுந்தூர ரயில்களில் எவை ஓடும் என்ற பட்டியலும் வெளியாகும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் 12, வெள்ளி: ரோம்

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். தெருவெங்கும் உள்ள 'நசோனி' குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும்.

இன்றிரவு நாளைய விமானத்துக்கு செக் இன் முடித்துவிடுங்கள். மலிவு விமான நிறுவனங்கள் சில கவுண்டரில் செக் இன் செய்ய 50 யூரோவுக்கு மேல் வாங்குகின்றன.

நாள் 13, சனி: ரோமிலிருந்து பார்சிலோனா

இந்தப் பாதையில் விமானம் நியாயமாகும் இடம் இது ஒன்றே. ரயிலில் இந்தத் தூரம் ஒரு நாளில் முடியாது. சிவித்தாவெக்கியாவிலிருந்து கப்பல் உண்டு, சுமார் 20 மணி நேரம். விமானம் 2 மணி நேரத்துக்குள்.

டிக்கெட் 25 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஃபியூமிசினோ விமான நிலையத்துக்கு தெர்மினியிலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, 32 நிமிடம். அதே நிலையத்துக்கு எஃப்எல்1 என்ற மண்டல ரயில் 8 யூரோ. அது தெர்மினிக்கு வராது, திபுர்த்தினா, ஓஸ்தியென்சே, திராஸ்தேவரே நிலையங்களில் ஏற வேண்டும். அறை திராஸ்தேவரே பக்கம் என்றால் 6 யூரோ மிச்சம், நேரமும் மிச்சம். பார்சிலோனாவில் 10 பயண டி-கேசுவல் அட்டை வாங்கினால் விமான நிலைய ஆர்2 நோர்த் ரயிலிலும் அது செல்லும், விமான நிலைய மெட்ரோவில் செல்லாது. அந்த அட்டையை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம், இருவர் பகிர முடியாது.

மிச்சமெல்லாம் பையில் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் வைக்கும் இலவசப் பையின் அளவு ரயன்ஏர், விஸ்ஏர், வுயெலிங்கில் 40×30×20 சென்டிமீட்டர், ஈசிஜெட்டில் 45×36×20. சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேரும். வீட்டில் காலிப் பையை அளந்தால் போதாது, நிரப்பிய பிறகு அளந்து பாருங்கள். முன்பக்க ஜிப் பையில் சார்ஜரைத் திணித்தால் 20 சென்டிமீட்டர் 26 ஆகிவிடும். கேட்டில் பிடிபட்டால் டிக்கெட்டைவிட அதிகமாகக் கட்ட நேரும். பெரிய பை கட்டாயம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே அதற்கும் கட்டுங்கள், பின்னால் விலை ஏறும்.

இறங்கும் விமான நிலையத்தின் பெயரையும் முழுதாகப் படியுங்கள். பார்சிலோனாவின் எல் பிராத் விமான நிலையம் நகரை ஒட்டியது. ஹிரோனாவோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரிஸ் பொவே 85, ஃபிராங்க்ஃபர்ட் ஹான் 120 என்று இந்தக் கதை ஐரோப்பா முழுக்க உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அல்லாத பாஸ்போர்ட்டுக்குச் சில நிறுவனங்கள் கவுண்டரில் ஆவணம் சரிபார்க்கும், பாதுகாப்புச் சோதனைக்குள் போகுமுன் அதை முடிக்க வேண்டும்.

விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தி இறங்கி, காரணம் நிறுவனத்துடையது என்றால், 1,500 கிலோமீட்டருக்குள் உள்ள இந்தத் தூரத்துக்கு ஐரோப்பிய விதி 261இன்படி 250 யூரோ இழப்பீடு. டிக்கெட் விலை 25 ஆக இருந்தாலும் இழப்பீடு 250தான். மோசமான வானிலைக்கு அது கிடையாது. ஆனால் 2 மணி நேரத்துக்கு மேல் புறப்பாடு தள்ளிப்போனால் காரணம் எதுவானாலும் சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும். தரவில்லை என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த விமானத்தையும் வீடு திரும்பும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காததன் காரணமும் இதுதான். தனித்தனி டிக்கெட்டில் முதலாவது பிந்தினால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, பணமும் வராது. நடுவில் இரண்டு இரவு இருக்கிறது.

நாள் 14, 15: பார்சிலோனா, புறப்பாடு

சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு டிக்கெட் இணையத்தில் மட்டுமே, வாசலில் விற்பதில்லை. ஞாயிறு சீக்கிரம் தீரும்.

விமான நிலைய ரயில் அரை மணிக்கு ஒன்று, டெர்மினல் 2இல் நிற்கும். டெர்மினல் 1க்கு அங்கிருந்து இலவசப் பேருந்து, அதற்குக் கால் மணி நேரம் கூடுதலாக வையுங்கள். வாங்கிய பொருட்களுக்கு வரி திரும்பப் பெற ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி இடமான இங்கேதான் சுங்க ஒப்புதல். பிரான்ஸில் ஒரு கடையில் 100 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70க்கு மேல், ஜெர்மனியில் 50க்கு மேல் வாங்கியிருந்தால் உண்டு. ஸ்பெயினில் குறைந்தபட்சத் தொகையே இல்லை. ஸ்பானிய ரசீதுகளை 'திவா' இயந்திரத்தில் நீங்களே காட்டி முடிக்கலாம், மற்ற நாட்டுப் படிவங்களுக்கு சுங்க அதிகாரியிடம் போக வேண்டும். பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால் பெரிய பையை ஒப்படைக்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.